விழப் பழகும் இடம்: தற்காப்புக் கலையும் பல்கலைக்கழக மாணவர்களின் மனநலமும்

ஜூடோ கற்கப் போகிறவருக்கு முதல் நாளே யாரையும் தூக்கிப் போடச் சொல்லித் தரமாட்டார்கள். விழத்தான் சொல்லித் தருவார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டிவை, தலை பாயில் படக்கூடாது. கையை ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும். முழுக் கையையும் நீட்டிப் பாயில் ஓங்கி அறை. விழும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாதே, வெளியே விடு. முதலில் குந்தியபடி, பிறகு நின்றபடி, பின்பக்கம், இரண்டு பக்கவாட்டிலும், கடைசியில் முன்னால் உருண்டு என்று வாரக்கணக்கில் இதே வேலை. ஜப்பானிய மொழியில் இதற்கு உகேமி என்று பெயர். பத்து வருடம் பழகியவர்களும் வகுப்பை இதில்தான் தொடங்குகிறார்கள்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. விழுவதைவிட விழுந்ததை மறைப்பதில்தான் அதிகம் களைத்துப் போகிறோம். பாயில் மறைக்க வழியே இல்லை. எல்லோர் கண்முன்னாலும் ஒரு மணி நேரத்தில் ஐம்பது தடவை விழுகிறோம், ஐம்பது தடவை எழுகிறோம். யாரும் அதைக் குறித்துவைப்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் எல்லாமே குறிக்கப்படுகிறது. வருகை, ஒப்படைப்பு, இடைத்தேர்வு, இறுதித்தேர்வு, சராசரி. தப்பு செய்தால் அது ஒரு எண்ணாக மாறி வருடக்கணக்கில் கூடவே வருகிறது. பதினெட்டு, இருபது வயதில் ஒருவர் தன்னால் எது முடியும், எது முடியாது என்று இப்போதுதான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த வயதில் தடுமாற இடமே இல்லாமல் போவது சின்ன விஷயமில்லை. மாணவர் மனநலத்துக்குத் தற்காப்புக் கலை நல்லது என்று பலரும் சொல்கிறார்கள். எதனால் நல்லது, எப்போது நல்லது, எப்போது கெடுதல் என்பதைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது இந்த விழும் பாய்தான். பயத்தையும் தோல்வியையும் சிறு அளவில், காயமில்லாமல், இன்னொருவர் துணையோடு பழகிப் பார்க்க அங்கே இடம் இருக்கிறது. மற்ற நன்மைகள் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன என்பது என் எண்ணம். இந்த இடம் கெட்டுப்போனால் அதே கலை ஆளைக் கெடுக்கவும் செய்யும்.

இந்த வயதில் என்ன நடக்கிறது

அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பின் முடிவுகள் 2005இல் வெளியாயின. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. பல்கலைக்கழக வயது சரியாக இந்தக் காலத்துக்குள் விழுகிறது. அப்புறம் 2018இல், உலக சுகாதார நிறுவனம் முன்னெடுத்த ஆய்வுத் திட்டம் ஒன்று, 8 நாடுகளில் 19 கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்கள் ஏறத்தாழ 14,000 பேரிடம் கேட்டறிந்ததை வெளியிட்டது. அவர்களில் 35 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் போன்ற ஒரு கோளாறாவது இருந்ததற்கான அறிகுறிகள் தெரிந்தன. மூன்றில் ஒருவருக்கு மேல். கவனியுங்கள், இவர்கள் முதலாண்டு மாணவர்கள். படிப்பின் பாரம் இன்னும் முழுதாகத் தோளில் ஏறாதவர்கள்.

வீட்டைவிட்டு வந்த தனிமை, அறிமுகமில்லாத கூட்டம், பணக் கவலை, தலைகீழான தூக்கம், பள்ளியில் முதலிடம் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்காரும்போது வரும் ஒப்பீடு என்று காரணங்கள் பலருக்கும் தெரிந்தவைதான். ஆலோசகரிடம் போகலாம் என்றால், தனக்கு அந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தே பலர் போகமாட்டார்கள். உடற்பயிற்சி வகுப்பில் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. கராத்தே கற்கிறேன் என்று சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. தற்காப்புக் கலையின் முதல் வசதி இதுதான், மனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே உள்ளே நுழைந்துவிடலாம்.

பல்கலைக்கழகத்திலிருந்தே வந்த கலை

தற்காப்புக் கலை என்றதும் மலையுச்சி மடாலயமும் வெண்தாடி ஆசானும்தான் பலருக்கு நினைவில் வரும். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் வடிவங்களில் சில வளர்ந்தது மாணவர்களின் கையில். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ சிறுவயதில் ஒல்லியான, குள்ளமான பையன். பள்ளியில் பெரிய பையன்களின் தொல்லையைத் தாங்க முடியாமல்தான் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்கத் தேடிப் போனார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்து 1881இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, 1882இல், ஒரு கோவிலில் பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவுள்ள இடத்தில் கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக நீண்ட காலம் இருந்தவர் அவர். ஜூடோவை அவர் பார்த்தது கல்வியாக. ஆற்றலை வீணாக்காமல் சரியாகப் பயன்படுத்துவது, தானும் மற்றவரும் சேர்ந்து முன்னேறுவது என்ற இரண்டும் அவர் வகுத்த அடிப்படைகள்.

கராத்தேயின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். ஒகினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபுனகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவுக்கு வந்து அதை ஆடிக்காட்டினார். 1924இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் அமைந்தது. மற்ற பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. கராத்தே ஜப்பானில் வேர்பிடித்ததில் மாணவர் மன்றங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைச் சொல்லக் காரணம் பெருமை பேச அல்ல. "தானும் மற்றவரும் சேர்ந்து" என்ற அந்த இரண்டாவது அடிப்படையை ஒரு கல்வியாளர் வேலை மெனக்கெட்டு உள்ளே வைத்திருக்கிறார். மனநலத்தைப் பொறுத்தவரை முழு விஷயமும் அதன்மேல்தான் நிற்கிறது. மேலே போகப் போக இது தெளிவாகும்.

ஆய்வுகள் சொல்வது

உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. 2024இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து எடைபோடும் ஆய்வு, 218 சோதனைகளை, 14,000க்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கியது. நடை, மெல்லோட்டம், யோகா, பளுப் பயிற்சி ஆகியவற்றோடு தாய் சீயும் மனச்சோர்வைக் குறைப்பதில் பலன் தந்ததாக அதில் தெரியவந்தது. தாய் சீ மெதுவாகச் செய்யப்படுவதால் பலரும் அதை முதியோர் பயிற்சி என்றே நினைக்கிறார்கள். அது சீனத் தற்காப்புக் கலைதான்.

தற்காப்புக் கலைகளை மட்டும் தனியே எடுத்து 2020இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. பதற்றம், சோர்வு போன்ற உள்ளுக்குள் வாட்டும் சிக்கல்களில் நடுத்தர அளவு பலன். பொதுவான மனநலனில் சிறிய பலன். முரட்டுத்தனத்தைக் குறைப்பதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்த மூன்றாவது முடிவைப் பலர் வசதியாக விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் சுவாரசியம், பின்னால் அதற்கு வருகிறேன்.

இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தானாக விரும்பி வந்து சேர்பவர் ஏற்கெனவே கொஞ்சம் தெம்பாக இருப்பவராக இருக்கலாம். மனம் மிகவும் வாடியவர் இரண்டாம் வாரமே நின்றுவிட்டிருக்கலாம். எஞ்சியவர்களை மட்டும் அளந்தால் எந்தக் கலையும் மருந்துபோலத்தான் தெரியும். மேலும் தற்காப்புக் கலை என்ற ஒரே பெயருக்குள் அடங்குபவை ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறு. குத்துச்சண்டையும் தாய் சீயும், சிலம்பமும் பிரேசிலிய ஜுஜுட்சுவும் உடம்பிடம் கேட்பதே வேறு வேறு. அதனால் எந்தக் கலை சிறந்தது என்று கேட்பதைவிட, வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

பாயில் மனதுக்கு என்ன நடக்கிறது

முதல் முறையாக ஒருவர் எதிராளியோடு பயிற்சிச் சண்டையில் இறங்குவதைப் பாருங்கள். மணி அடித்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். முழுப் பலத்தையும் கொடுத்து இறுக்குவார். ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோவார். ஓரத்திலிருந்து பயிற்சியாளர் கத்துவது பெரும்பாலும் ஒரே சொல்தான்: "மூச்சு! மூச்சு விடு!"

அந்த மாணவரின் உடலில் அப்போது நடப்பது தேர்வு அறையில் வினாத்தாளைத் திருப்பும்போது நடப்பதேதான். இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, பார்வை குறுகுகிறது. உடலுக்கு ஆபத்து எது, தேர்வு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை மணியைத்தான் அடிக்கிறது. தேர்வு செமஸ்டருக்கு ஒருமுறைதான் வரும், வரும்போது எல்லாவற்றையும் பணயம் வைத்து வரும். பாயில் இந்தப் படபடப்பு ஒரு மாலையில் ஐந்தாறு முறை வந்துபோகிறது, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள். நான்கு வாரத்தில் அந்த மாணவர் ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்: இதயம் இப்படி அடித்துக்கொண்டிருக்கும்போதே யோசிக்கவும் முடிகிறது. படபடப்பு வந்தால் எல்லாம் முடிந்தது என்று பொருளில்லை.

பதற்றத்துக்கான சிகிச்சைகளில் ஒரு பெரிய பகுதி இந்தப் பாடத்தைத்தான் வேறு வழியில் கற்றுத் தருகிறது. அஞ்சும் விஷயத்தைத் தவிர்த்துக்கொண்டே போனால் அச்சம் வளரும். தாங்கக்கூடிய அளவில் அதை எதிர்கொண்டால் தணியும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்வுக்கு முன் வரும் படபடப்பு உதவக்கூடியது என்று சில மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். அவர்கள் கணக்குப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அங்கே வாயால் சொன்னதைப் பாயில் உடம்பே அனுபவித்துத் தெரிந்துகொள்கிறது.

மூச்சைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது சற்றுக் குறையும். இதில் வேகஸ் என்ற நரம்புக்கு முக்கியப் பங்கு. நீளமாக மூச்சை விடுவது அமைதி தருவதற்கு இது ஒரு காரணம். குத்தும்போது, உதைக்கும்போது, விழும்போது மூச்சை வெளியே விடு என்று கிட்டத்தட்ட எல்லாக் கலைகளும் சொல்லி வைத்திருக்கின்றன. அப்போது பலர் போடும் சத்தத்தை, பார்ப்பவர்கள் மிரட்டல் என்று நினைக்கிறார்கள். கத்தினால் மூச்சு வெளியே போயாக வேண்டும், அதுவும் அதில் ஒரு பயன்.

கவலையின் சுழற்சியை இந்தப் பயிற்சி வேறு விதத்திலும் அறுக்கிறது. மனச்சோர்வில் இருப்பவருக்கு மெல்லோட்டம் நல்லதுதான், ஆனால் ஓடிக்கொண்டே கவலைப்படலாம். பளு தூக்கும் இடைவெளியில் கைபேசியைப் பார்க்கலாம். ஒருவர் உங்கள் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது நேற்று நண்பர் பதில் போடாததை நினைத்துக்கொண்டிருக்க முடியாது. நினைத்தால் அடுத்த நொடி தரையில் இருப்பீர்கள். ஒன்றரை மணி நேரம் தலைக்குள் ஓடும் ஒப்பாரி நிற்கிறது. அது தொடங்கியதுபோலவே நிற்கவும் கூடியது என்று கண்டுகொள்வது, நாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எதிராளி இல்லாமல் தனியே செய்யும் கதா போன்ற அசைவுத் தொடர்களில் இதே வேலை மெதுவாக நடக்கிறது. அடுத்த அடி, அடுத்த திருப்பம், கை இருக்கும் கோணம் என்று கவனம் உடலை விட்டு ஓட ஓட, திரும்பக் கூட்டிவர வேண்டியிருக்கிறது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப்போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பும் ஒருவர் உன்னால் முடியும் என்று சொல்வது, தன் உடலின் படபடப்பைத் தான் எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பது. இவற்றில் தானே செய்த அனுபவம்தான் மிக வலுவானது. ஒரு நல்ல வகுப்பில் இந்த நான்கும் ஒரே மாலையில் கிடைத்துவிடுகின்றன. ஆறு மாதம் முன்பு உங்களைப்போலவே தடுமாறியவர் பக்கத்திலேயே இருக்கிறார். போன மாதம் வராத உருட்டல் இன்று வருகிறது. அதை யாரும் பாராட்டத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். தேர்ச்சிக்கு ஏற்ப இடுப்பில் வேறு வேறு நிறப் பட்டை கட்டும் முறையின் நல்ல பக்கமும் இதுதான். பெரிய இலக்கு சின்னச் சின்னப் படிகளாக உடைந்து கிடக்கிறது. மோசமான பக்கமும் உண்டு. பட்டைக்காகவே பழகுகிறவருக்கு அது இன்னொரு மதிப்பெண் பட்டியலாகிவிடும். காசு வாங்கிக்கொண்டு சில மாதத்துக்கு ஒரு நிறம் கொடுக்கும் வகுப்புகளில் அந்த நம்பிக்கையும் போலி.

இனி, கானோ சொன்ன இரண்டாவது அடிப்படை. ஜூடோ, ஜுஜுட்சு போன்ற பிடிமுறைக் கலைகளில் ஒருவர் கையை மடக்கியோ கழுத்தை அழுத்தியோ மாட்டிக்கொண்டால், எதிராளியின் உடலிலோ பாயிலோ இரண்டு மூன்று முறை தட்டுவார். தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். இதில் விவாதமே கிடையாது. ஒருவரையொருவர் அறியாத இருவர் மாலை ஆறு மணிக்குச் சந்தித்து, தன் முழங்கையை, தன் கழுத்தை அடுத்தவர் கையில் கொடுத்து, தட்டினால் விடுவார் என்று நம்புகிறார்கள். அரை மணி நேரத்தில் சேர்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள். தொடுதலே இல்லாமல் வாரக்கணக்கில் தனி அறையில் வாழும் ஒரு மாணவருக்கு இது எங்கே கிடைக்கும்?

போதும் என்று தட்டுவது, நன்றாகப் படிக்கிற மாணவர்களுக்குத்தான் மிகக் கடினம் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். எதிலும் தோற்றுப் பழகாதவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு, முகம் சிவக்கக் கடைசிவரை தாக்குப்பிடிப்பார்கள். தட்டுவது அவமானமில்லை, தட்டினால் அடுத்த சுற்று தொடங்கும், அவ்வளவுதான் என்று புரிய அவர்களுக்கு மாதங்கள் ஆகும். அப்படிப் புரிந்த ஒருவர், பாடத்தில் தாங்க முடியாமல் போகும்போது பேராசிரியரிடம் போய் அவகாசம் கேட்பதையும் பார்த்திருக்கிறேன். இதை ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

மூட்டையைக் குத்தினால் கோபம் தீருமா

கோபத்தை உள்ளே அடக்கக்கூடாது, எதையாவது ஓங்கிக் குத்தித் தீர்த்துவிட வேண்டும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரோடியிருக்கிறது. குத்துச்சண்டை வகுப்பில் சேரும் மாணவர்களில் பலர் இதற்காகவே வருகிறார்கள். உளவியலாளர் பிராட் புஷ்மன் இதைச் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார். பங்கேற்றவர்கள் 600 கல்லூரி மாணவர்கள், பாதி ஆண்கள், பாதி பெண்கள். அவர்கள் எழுதிய கட்டுரையை வேறொருவர் மிக மோசமாக விமர்சித்ததுபோல் காட்டிக் கோபமூட்டினார்கள். அப்புறம் ஒரு குழு, அந்த விமர்சகரை நினைத்துக்கொண்டு குத்து மூட்டையைக் குத்தியது. இன்னொரு குழு, உடல் தேறுவதை நினைத்துக்கொண்டு குத்தியது. மூன்றாவது குழு குத்தவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தது. விமர்சகரை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் மிக அதிகமாக இருந்தது. பதிலடி கொடுக்க வாய்ப்பு கிடைத்தபோது கடுமையாக நடந்துகொண்டவர்களும் அவர்களே. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் மிக அமைதியாக இருந்தார்கள்.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். குத்தும்போது உடல் கிளர்ச்சி கூடுகிறது. அந்தக் கிளர்ச்சியோடு எதிரியின் முகமும் மனதில் நின்றால், கோபத்தைத் தீர்ப்பதற்குப் பதில் ஒத்திகை பார்த்ததாக ஆகிறது. 2020 தொகுப்பாய்வு முரட்டுத்தனத்தைக் குறைப்பதில் பலன் காணாததை இதோடு சேர்த்து யோசித்தால், ஆளை அமைதியாக்குவது அடிப்பது அல்ல என்பது தெரிகிறது.

அப்படியானால் எது? 1986இல் வெளியான ஒரு பழைய, சிறிய ஆய்வு இங்கே வெளிச்சம் காட்டுகிறது. சட்டத்தோடு மோதும் போக்குடைய 34 சிறுவர்கள், வயது 13 முதல் 17 வரை. ஒரு குழுவுக்கு டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையை மரபான முறையில் கற்பித்தார்கள்: தியானம், மரியாதை, அசைவுத் தொடர்கள், கலையின் நெறி பற்றிய பேச்சு, பிறகு சண்டைப் பயிற்சி. இரண்டாவது குழுவுக்கு அந்த நெறியெல்லாம் கிடையாது, சண்டை நுட்பம் மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஓட்டமும் பந்து விளையாட்டும். ஆறு மாதம் கழித்து மரபுக் குழுவில் ஆவேசமும் பதற்றமும் குறைந்து தன்மதிப்பு உயர்ந்திருந்தது. சண்டை மட்டும் கற்றவர்களிடம் நிலைமை முன்பைவிட மோசமானது. 34 பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது, அவர்கள் பல்கலைக்கழக மாணவர்களும் அல்ல. ஆனாலும், ஒரே உதை இருவேறு வகுப்புகளில் இருவேறு ஆட்களை உருவாக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு எனக்குத் தெரியாது. வகுப்பு தொடங்கும்போது குனிந்து வணங்குவது, மூத்தவர் புதியவரிடம் பலத்தைக் குறைத்துக்கொள்வது, சண்டை முடிந்ததும் கைகொடுப்பது, இவையெல்லாம் அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிடுகிறவர்கள் கலையின் பாதியை வெட்டிவிடுகிறார்கள்.

கெடுதல் செய்யும் இடங்கள்

1997இன் இறுதியில் அமெரிக்காவில் 33 நாள் இடைவெளிக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். மூவரும் எடைப் பிரிவுக்குள் வருவதற்காக, வியர்வையைச் சிந்தி உடலின் நீரை வேகமாக இழக்க முயன்றவர்கள். காற்றுப் புகாத உடையை மாட்டிக்கொண்டு சூடான இடத்தில் பயிற்சி, தண்ணீர் கிடையாது. அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைகளும் நீராவி அறைகளும் தடைசெய்யப்பட்டு, எடை பார்க்கும் நேரமும் போட்டிக்கு நெருக்கமாக மாற்றப்பட்டது. விதிகள் மாறின. பட்டினி கிடந்து எடை குறைக்கும் பழக்கம் எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில் இன்னும் போகவில்லை. உணவோடு ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு மாணவரிடம், போன வாரத்தைவிட மூன்று கிலோ குறை என்று பயிற்சியாளர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சொல் எங்கே போய் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை கிடையாது. மனநலத்துக்காகச் சேரும் மாணவருக்குப் போட்டியும் வேண்டாம், எடைக் குறைப்பும் வேண்டாம்.

தலையில் அடி இன்னொன்று. மூளை அதிர்ச்சிக்குப் பின் தலைவலி, வெளிச்சம் தாங்காமை, கவனச் சிதறல் ஆகியவற்றோடு மனச்சோர்வும் எரிச்சலும் தூக்கக் கெடுதலும் வரலாம். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து பல மடங்கு. மூளையை நம்பிப் படிக்கும் ஒருவர் வாராவாரம் தலையில் முழு வேகக் குத்து வாங்குவதில் எந்த நியாயமும் இல்லை. தலையைத் தொடாமலே குத்துச்சண்டை கற்றுக்கொள்ள முடியும்.

அப்புறம் ஆசான். தற்காப்புக் கலையில் ஆசானுக்குக் கிடைக்கும் மரியாதை வேறு விளையாட்டுகளில் இல்லை. அது நல்லவர் கையில் விளக்கு, கெட்டவர் கையில் சாட்டை. மாணவர்களை அவமானப்படுத்துவது, காயத்தோடு பழக வைப்பது, வேறு நண்பர்களைப் பிரிப்பது, கேள்வி கேட்பதையே துரோகமாகப் பார்ப்பது என்று போகும் இடங்கள் உண்டு. மூத்தவர்கள் புதியவர்களை அடித்து வழிக்குக் கொண்டுவரும் மன்றங்களும் உண்டு. தனிமையில் தவிக்கும் மாணவர் இப்படிப்பட்ட கூட்டத்தைத்தான் குடும்பம் என்று எளிதில் நம்பிவிடுவார். அதனாலேயே இது கவலைக்குரியது.

காயமும் மனநலப் பிரச்சினைதான். வாரத்தில் நான்கு நாள் பயிற்சியிலேயே தன் அமைதி முழுவதையும் வைத்திருந்தவருக்கு முழங்கால் போனால், ஒரே நாளில் அமைதியும் போகும், நண்பர்களும் போவார்கள். காயம்பட்டவர்களை ஓரமாக உட்கார்ந்து பார்க்கவாவது கூப்பிடும் வகுப்பு நல்ல வகுப்பு.

பயந்து வருகிறவர்களுக்கு

பெண் மாணவர்களில் பலர் வருவது மனநலம் தேடி அல்ல, பாதுகாப்பைத் தேடி. இருட்டிய பின் நூலகத்திலிருந்து விடுதிக்கு நடப்பதே ஒரு கணக்காக இருக்கும்போது, அந்தப் பயமே நாள்முழுக்க மனதைத் தின்கிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் 893 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2015இல் வந்தது. பாதிப் பேருக்கு 12 மணி நேரப் பயிற்சி: ஆபத்தை முன்கூட்டி அடையாளம் காண்பது, தெரிந்தவர் எல்லை மீறும்போது தயங்காமல் மறுப்பது, உடலால் எதிர்ப்பது. மற்றவர்களுக்குத் தகவல் ஏடுகள் மட்டும். ஓராண்டில் வல்லுறவுக்கு ஆளானவர்கள் ஏடுகள் பெற்றவர்களில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். குற்றம் செய்பவரின் பொறுப்பை இது ஒரு துளியும் குறைக்காது. ஆனால் வெறும் உதையும் குத்தும் அந்தப் பயிற்சியில் ஒரு பகுதிதான் என்பதைக் கவனியுங்கள். வேண்டாம் என்று உரக்கச் சொல்ல வாய் பழகுவதும் தற்காப்புதான்.

ஏற்கெனவே தாக்குதலுக்கு ஆளானவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. மேலே ஏறி அமுக்கும் பயிற்சி பழைய நினைவைக் கிளறிவிடலாம். எந்தப் பயிற்சியிலிருந்தும் காரணம் சொல்லாமல் விலகி நிற்கலாம், யாரோடு பழகுவது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்ற உரிமை இருக்கும் இடத்தில்தான் அவர்கள் தொடங்க வேண்டும். கூடவே ஒரு மனநல ஆலோசகரின் துணையும் இருந்தால் நல்லது.

இது எல்லோருக்கும் பொருந்தும். தூங்க முடியாமல், சாப்பிட முடியாமல், வாழ வேண்டாம் என்ற நினைப்போடு இருப்பவருக்குத் தற்காப்புக் கலை சிகிச்சை ஆகாது. அவர் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை. சிகிச்சையோடு சேர்த்து, மருத்துவர் சரியென்றால் பயிற்சிக்கு வரலாம்.

சேர நினைப்பவருக்கு

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எழுபத்தைந்து நிமிட வகுப்பு இரண்டு போனாலே கீழ் அளவைத் தொட்டுவிடலாம். தொடங்குபவருக்கு அதுவே போதும். இரவு மிகத் தாமதமாக முடியும் கடும் பயிற்சி சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் நேரத்தையும் பார்க்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சுவரில் தொங்கும் கோப்பைகளைப் பார்க்க வேண்டாம். புதிதாக வந்தவரோடு யார் ஜோடி சேர்கிறார், பலத்தைக் குறைக்கிறாரா என்று பாருங்கள். ஒருவர் தட்டினால் எவ்வளவு வேகமாக விடுகிறார்கள் என்று பாருங்கள். தப்பு செய்தவரிடம் ஆசான் பேசும் விதம், அதைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்கிறார்களா என்பது. வலிக்கிறது என்று ஒருவர் ஒதுங்கினால் அவருக்கு என்ன நடக்கிறது என்பது. மெலிந்தவர், குண்டானவர், பெண்கள், வயதில் மூத்தவர்கள் அந்தப் பாயில் இருக்கிறார்களா என்பது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

எந்தக் கலை என்பது உங்கள் மனப்போக்கைப் பொறுத்தது. தொடுதல் உறுத்தும் என்றால் கதா நிறைந்த கராத்தேயோ சிலம்பமோ தாய் சீயோ. தலைக்குள் சத்தம் ஓயவே மாட்டேன் என்கிறதென்றால் ஜூடோ அல்லது ஜுஜுட்சு. கோபம்தான் சிக்கல் என்றால் சண்டையை மட்டும் விற்கும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

தேர்வு நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த வகுப்புதான். ஒரு மாதம் படிப்பு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள்; பலர் திரும்பி வரவே மாட்டார்கள். படபடப்போடு பழகிய உடம்பு மிகவும் தேவைப்படும் மாதம் அதுதான். சண்டைச் சுற்றுகளை விட்டுவிடலாம், காயம் ஆகாது. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், உருண்டு விழுந்து எழுந்து மூச்சு விட்டுவிட்டுப் போய்ப் படிக்கலாம். புரிந்த ஆசான்கள் தேர்வு மாதத்தில் அப்படி ஒரு வகுப்பைத் தனியாகவே வைத்திருக்கிறார்கள்.